எடைமேடை ஜன்னலிலிருந்து சட்டமன்றத்துக்கு

வாசகர் கேள்வி:

எனக்கு 42 வயது. செம்பனை ஆலையில் 17 வருடமாக எடைமேடைக் கிராணியாக வேலை செய்கிறேன். கணவர் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். கம்பெனி வீட்டில் அம்மாவோடு இருக்கிறோம். எங்கள் ஊரில் ஒரு வரிசைக் கடை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், ஆலை, இவ்வளவுதான். அடுத்த மாநிலத் தேர்தலில் நான் நிற்க வேண்டும் என்று கோயில் கமிட்டியும் பெண்களும் சொல்கிறார்கள். ஒரு கட்சிக்காரர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசினார். அது சரிவராவிட்டால் சுயேச்சையாக நில் என்கிறான் தம்பி. தொகுதியில் நம்மவர்கள் ஐந்தில் ஒருவர் இருப்பார்கள். தினமும் எண்ணெய் லாரிகள் வரிசையாகப் போகின்றன, எங்கள் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. கோயில் நிலத்துக்குப் பட்டா இல்லை. பள்ளிக் கட்டடம் பழசு. சம்பளம் போதவில்லை. நான் ஜெயித்தால் இதையெல்லாம் மாற்ற முடியுமா? எவ்வளவு பணம் வேண்டும்? நின்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வீட்டைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. வழக்கறிஞராகவும் தேர்தல் முகவராகவும் 20 வருடத்துக்கு மேல் மலேசியத் தோட்டப்புறத் தொகுதிகளில் அலைந்தவன் நான். நல்ல வேட்பாளர்கள் பலர் பாதி வழியில் சோர்ந்து போனதற்கு எதிர்க்கட்சியைவிட வீட்டு நிலவரமே பெரிய காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் தனியார் கம்பெனி ஊழியர். வேலையில் இருந்துகொண்டே வேட்பாளராக நிற்பதைச் சட்டம் தடுக்காது. அந்தக் கட்டுப்பாடு அரசாங்க ஊழியர்களுக்குத்தான். தேர்தலில் நின்றதற்காக வேலையை விட்டு நீக்கினால், 1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி 60 நாட்களுக்குள் தொழிலுறவுத் துறையில் மனு கொடுக்கலாம். ஆனால் கம்பெனி வீடு வேலையோடு சேர்ந்தது. வழக்கு நடக்கிற மாதங்களில் உங்கள் அம்மா எங்கே படுப்பார் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

அதோடு, யாரும் நேராக வந்து "வீட்டைக் காலி செய்" என்று சொல்ல மாட்டார்கள். நான் முகவராக இருந்த ஒரு தேர்தலில் வேட்பாளரின் அண்ணன் அதே தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிரச்சாரம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் அவருக்கு டிரிப் குறைந்தது. நாளைக்கு நான்கு என்று இருந்தது இரண்டாகி, அப்புறம் ஒன்றானது. கேட்டால், "காய்ப்பு இல்லாத மாசம்" என்றார்கள். உங்கள் வீட்டில் இரண்டு சம்பளமும் ஒரே கேட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. அதனால் தேர்தலுக்குக் குறைந்தது ஒரு வருடம் முன்னதாகவே பக்கத்துக் குடியிருப்புத் தாமானில் வாடகைக்காவது ஒரு வீடு பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்காக ஒதுக்குகிற பணத்தில் முதல் செலவு அந்த வீட்டு முன்பணமாக இருக்கட்டும், போஸ்டரெல்லாம் அப்புறம்.

சரி, ஜெயித்தால் என்ன செய்ய முடியும்? ரோடு, கோயில், பள்ளி, சம்பளம் என்று நான்கைச் சொல்லியிருக்கிறீர்கள். செராமா எனும் பிரச்சாரக் கூட்ட மேடையில் நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், கைதட்டும் கிடைக்கும். ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. தொழிலாளர் விவகாரம் மத்திய அரசின் கையில். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது மத்திய அரசு இருக்கிற புத்ராஜெயாவின் முடிவு, எந்த மாநிலச் சட்டமன்றத்தின் முடிவும் அல்ல. கல்வியும் மத்திய அரசுதான். நிலமும் ஊராட்சியும்தான் மாநிலத்தின் கையில் இருக்கின்றன.

எண்ணெய்ப் பணமும் அப்படித்தான். கம்பெனியின் வருமான வரி, ஏற்றுமதி வரி, விலை ஏறும்போது விதிக்கிற கூடுதல் லாப வரி எல்லாம் மத்திய அரசுக்குப் போகின்றன. சபாவும் சரவாக்கும் செம்பனை எண்ணெய்க்குத் தனியாக விற்பனை வரி போடுகின்றன. தீபகற்ப மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. உங்கள் மாநிலத்துக்கு அந்தத் தோட்டத்திலிருந்து கிடைப்பது முக்கியமாக நிலவரி. மாவட்ட மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி. எடைமேடையில் ஒரு நாளைக்கு எத்தனை டன் ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று உங்கள் ஊருக்கு எடுத்துக் கொடுக்கிற வழி சட்டமன்ற உறுப்பினருக்குக் கிடையாது. வாக்குக் கேட்கும்போது அப்படி ஒரு வாக்குறுதியைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

ரோட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது சாலையோரக் கல்லைப் பாருங்கள். மாநிலச் சாலை என்றால் கல்லில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும்: சிலாங்கூருக்கு பி, பேராக்குக்கு ஏ, நெகிரி செம்பிலானுக்கு என், ஜொகூருக்கு ஜே. எழுத்து இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அது மத்திய அரசின் சாலை. கல்லே இல்லையென்றால் மாவட்ட மன்றத்துச் சாலையாக இருக்கலாம், அல்லது தோட்டத்தின் சொந்தச் சாலையாக இருக்கலாம். தோட்டத்துச் சாலை என்றால் அது தனியார் நிலம். அரசாங்கப் பணத்தில் ஒரு கூடை தார் போடுவதுகூடச் சிக்கல். கம்பெனி அந்தப் பாதையை மாநிலத்துக்கு ஒப்படைத்துப் பதிவில் ஏற்றினால்தான் பராமரிப்பு மானியம் வரும். "ரோட்டைப் போடுங்கள்" என்று பத்து வருடமாக மனு எழுதுகிற எத்தனையோ ஊர்களில் ரோடு யாருடையது என்றே யாரும் பார்த்ததில்லை. மனு தப்பான மேசைக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது கோயிலையும் பள்ளியையும் பாருங்கள். கோயிலின் பிரச்சினை நிலம். பள்ளி கல்வி அமைச்சின் கீழ் இருந்தாலும், தனியார் தோட்ட நிலத்தில் நிற்கிற தமிழ்ப்பள்ளி பகுதி உதவிபெறும் பள்ளியாகத்தான், அதாவது அரசு முழுச் செலவையும் ஏற்காத பள்ளியாகத்தான் இருக்கும், கட்டட மானியத்துக்குப் போனால் அங்கேயும் "நிலம் யாருடையது?" என்பதுதான் முதல் கேள்வி. ரோடும் நிலம். உங்கள் வீட்டுப் பிரச்சினையும் நிலம்தான். சம்பளத்தைத் தவிர நீங்கள் கேட்ட எல்லாமே ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. அந்த இடம் மாநிலத்துடையது. எனவே நீங்கள் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு தோட்ட நிலத்தைப் பற்றியது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை உரிமையாளர் தன் இஷ்டத்துக்குத் துண்டு போட்டு விற்க முடியாது. மாநிலத்தின் தோட்ட நில வாரியம் அனுமதி தர வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாகவோ தொழிற்சாலை நிலமாகவோ மாற்றுவதற்கும் மாநில அனுமதி வேண்டும். கோப்பு மாநில அரசின் மேசைக்கு வருகிற அந்த நேரத்தில்தான், "லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு வீட்டு நிலம் ஒதுக்கியாயிற்றா? கோயில், பள்ளி, சுடுகாடு மூன்றையும் தனிப் பட்டாவாகப் பிரித்தாயிற்றா?" என்று கேட்க முடியும். அனுமதி கொடுத்தபிறகு கேட்டால், கம்பெனியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான். நமது ஒய்பிகளில், அதாவது மக்கள் பிரதிநிதிகளில், சிலர் இந்தக் கேள்வியை நேரத்தில் கேட்டார்கள். பலர் மண்வாரி இயந்திரம் வந்து நின்ற அன்றைக்குத்தான் ஊருக்குள் வந்தார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் இது.

இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில். அதே வட்டாரத்துத் தோட்டங்களில் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்பது நம் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் தோட்டத்து நிலம் இன்னும் கைமாறவில்லை என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

இனி வாக்கு. கோயில் கமிட்டி சொல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மதிப்போடுதான் சொல்கிறேன், பிரட்டுக்களத்தில் காலை ஆஜருக்கு நிற்பவர்களையும் திருவிழாவுக்கு வருபவர்களையும் எண்ணி வாக்குக் கணக்குப் போடாதீர்கள். லயம் நிறைய ஆட்கள் இருக்கலாம். அதில் பாதி வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள், அவர்களுக்கு வாக்கு இல்லை. குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கிற நம் பாட்டிகளுக்கும் இல்லை. திருவிழாவுக்கு வருகிற இளைஞர்கள் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் வேலை பார்ப்பார்கள். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள், அதுவும் ஐசியில் உள்ள முகவரிப்படி. தோட்டத்து முகவரியை மாற்றாமல் வைத்திருக்கிற பிள்ளைகளின் வாக்கு உங்கள் தொகுதியில் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அவர்களை வாக்களிப்பு நாளில் ஊருக்கு வரவைப்பது தனி வேலை. பெண்கள் குழுவிடம் அதை ஒப்படையுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எந்தப் பிள்ளையின் ஐசி எந்த முகவரியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் ஐந்தில் ஒருவர் என்கிறீர்கள். அத்தனை பேரும் உங்களுக்கே போட்டாலும் ஜெயிக்க முடியாது. 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர்கள் பெரும்பான்மை இல்லாத நாடு இது. நம் வேட்பாளர் எவரும் மற்ற இனத்தாரின் வாக்கு இல்லாமல் வந்ததில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாகச் சொல்லாத ஒன்று இங்கேதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நீங்கள் எடைமேடைக் கிராணி. கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்கார சிறுதோட்டக்காரர்கள், சீனக் குலை வியாபாரிகள், லாரிக்காரர்கள் எல்லோரும் வாரத்துக்கு இரண்டு தடவை உங்கள் ஜன்னலுக்கு வந்து சீட்டு வாங்குகிறார்கள். 17 வருடமாக உங்கள் முகமும் கையெழுத்தும் அவர்களுக்குத் தெரியும். கட்சித் தலைவர்கள் காசு கொடுத்தாலும் கிடைக்காத அறிமுகம் இது. ஆனால் அதே ஜன்னலில்தான் காய்க் குலைக்கும் நீளக் காம்புக்கும் எடை கழித்த சீட்டையும் நீங்கள் நீட்டியிருப்பீர்கள். கழிவை முடிவு செய்தது தரம் பார்ப்பவராக இருந்தாலும், கோபம் சீட்டு கொடுத்த கை மேல்தான் இருக்கும். அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பத்து மசூதிக்கு எதிரே உள்ள ஸ்டாலில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் வாங்கிக் குடித்துக்கொண்டே, "பாக் சிக், என் மேல் மனக்குறை உண்டா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். அவர்களுக்கும் நிலப் பட்டா, வடிகால், வெள்ளம், மறுநடவு என்று மாநிலத்திடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. கோயில் நிலத்தைக் கேட்கிற அதே வாயால் அவர்கள் வடிகாலையும் கேட்கிறவராக நீங்கள் தெரிய வேண்டும்.

கட்சியா, சுயேச்சையா என்பதில் தம்பி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பிரச்சாரத்துக்குச் சுமார் இரண்டு வாரம்தான் கிடைக்கும். கடந்த 2023 மாநிலத் தேர்தல்களில்கூட 14 நாள்தான் இருந்தது. அந்த நாட்களில் புதுச் சின்னத்தைக் கம்பத்துப் பாட்டியின் மனதில் பதிய வைப்பது கஷ்டம். வாக்குச்சாவடி ஒவ்வொன்றுக்கும் முகவர்கள் வேண்டும், அதற்கு ஆள்பலம் கட்சியிடம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தோட்ட நிலத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் நான் பேசினால் கட்சி தடுக்குமா? எதிர்க்கட்சி வரிசையில் உட்கார நேர்ந்தால், தொகுதி ஒதுக்கீடு இல்லாமல் சேவை மையத்தை எப்படி நடத்துவது? இந்தத் தடவை இடம் கிடைக்காவிட்டால் மாவட்ட மன்றக் கவுன்சிலராக நியமிப்பீர்களா? நம் நாட்டில் 1965-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் கிடையாது. கவுன்சிலர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. இரண்டு வருடம் கவுன்சிலராக இருந்து குப்பை, விளக்கு, வடிகால் கோப்புகளைப் பழகிவிட்டு வருகிற வேட்பாளரை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பேன். மூன்றாவது கேள்விக்கு அவர் மழுப்பினால், தேர்தலில் இடம் தருகிற பேச்சும் மழுப்பல்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பணம். சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத் தொகை 5,000 வெள்ளி. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது போய்விடும். பதாகைகளைக் கழற்றுவதற்கான உத்தரவாதமாக இன்னொரு 3,000 கட்ட வேண்டும். நேரத்தில் சுத்தம் செய்தால் திரும்பக் கிடைக்கும். 2023 தேர்தல்களில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 1954 தேர்தல் குற்றச் சட்டப்படி அதிகமாகச் செலவு செய்யக்கூடியது 100,000 வெள்ளி. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. எவ்வளவு செலவானாலும் ரசீதோடு கணக்கு வையுங்கள். முடிவு அரசாங்கப் பதிவேட்டில் வெளியான 31 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், தோற்றவரும்தான். தோற்ற சோர்வில் இதை மறந்துவிட்டு அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் போனவர்கள் உண்டு.

கோயில் கமிட்டிக்காரர்கள் அன்பில் அன்னதானம், மோர்ப் பந்தல் என்று தொடங்கிவிடுவார்கள். பிரச்சார நாட்களில் உங்கள் பெயரில் ஒரு பொட்டலம் சோறுகூடப் போக வேண்டாம். வாக்காளருக்கு உணவும் பணமும் கொடுப்பது தேர்தல் குற்றம். 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதியின் முடிவை, ஓராங் அஸ்லி பழங்குடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது; 2019 ஜனவரியில் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளருக்காக வேலை செய்கிறவர் கொடுத்தாலே வேட்பாளரின் வெற்றி போய்விடலாம்.

வேட்புமனு நாளைப் பற்றி ஒரு பழைய கதை. நெகிரி செம்பிலானில் ரந்தாவ் தொகுதி நமக்குத் தெரிந்த தோட்டப்புறம்தான். 2018-இல் அங்கே வேட்பாளராக நிற்க வந்த டாக்டர் ஸ்ரீராம், தேர்தல் ஆணையத்தின் பாஸ் கையில் இல்லை என்று வேட்புமனு மையத்துக்குள் விடப்படவில்லை. எதிர்த்தரப்பு போட்டியின்றி ஜெயித்ததாக அறிவித்தார்கள். நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது, கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 ஏப்ரலில் மறுபடியும் தேர்தல் வந்தபோது அவர் தோற்றார். சட்டம் அவர் பக்கம் இருந்தும், கேட் வாசலில் இழந்த அந்த ஒரு காலைப்பொழுதுக்காக ஏறக்குறைய ஒரு வருடம் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. மனு வாங்குவது காலையில் ஒரு மணி நேரம்தான். உங்களை முன்மொழிகிறவரும் வழிமொழிகிறவரும் அதே தொகுதியில் பதிவான வாக்காளர்களாக இருக்க வேண்டும். பெயர் ஐசியில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்து பிசகாமல் எழுதுங்கள். நான் எப்போதும் மூன்று செட் மனு தயார் செய்து வைத்துக்கொள்வேன். இன்னொன்று: யாருக்காவது தொழில் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? இப்போதே திவால் துறையில் உங்கள் பெயரைச் சோதித்துப் பாருங்கள். திவாலானவர் நிற்க முடியாது, தான் திவாலானதே தெரியாத ஆட்களை நான் சந்தித்திருக்கிறேன்.

வாக்கு எண்ணும் இரவில், ஒவ்வொரு சாலுரானுக்கும் (வாக்களிக்கும் அறைக்கும்) முடிவை எழுதிய போரங் 14 படிவம் உங்கள் முகவர் கைக்கு வர வேண்டும். முதல் சாலுரானில் வயதானவர்கள், கடைசியில் இளைஞர்கள். அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கினால், எந்த வயதுக்காரர் எந்தப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் உங்களைக் கைவிட்டார் என்று வாக்காளரே எழுதிக் கொடுத்த மாதிரி தெரியும். முதல் தடவை நீங்கள் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம், மறைக்க விரும்பவில்லை. 2007 ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தலில் தோற்ற காலிட் இப்ராஹிம், அடுத்த வருடமே அதே தொகுதியில் ஜெயித்து சிலாங்கூர் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஆனார். ஈஜோக்கும் செம்பனைக் காடுதான். தோற்றாலும் அந்த போரங் 14 தாள்களைப் பத்திரமாக வையுங்கள்.

பெண் வேட்பாளர் என்பதால், "வீட்டில் யார் சமைப்பது?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், ரோட்டுக் கல்லில் என்ன எழுத்து இருந்தது என்று பேசத் தொடங்குங்கள்.

இந்த வாரம் மூன்று காரியம் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, கோயில் நிற்கிற மனையின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தேடல் எடுங்கள். உங்கள் பெயரும் கணவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் எந்தத் தொகுதியில் இருக்கின்றன என்று பாருங்கள். அப்புறம், கணவர் ஓட்டுகிற லாரியின் ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறதா, கான்ட்ராக்டர் பெயரில் இருக்கிறதா, எப்போது முடிகிறது என்பதையும் எழுதுங்கள்.